பின்னுரித்தாளர்: வன்னிக் கமக் குடும்பங்களும் போர் கொண்டுபோன மகன்மாரும்

கேள்வி

வன்னியில் ஒரு கமக்காரக் குடும்பம் போரில் மகனைப் பறிகொடுத்தது என்கிறோம். அந்தக் குடும்பம் பறிகொடுத்தது எதை? இலங்கை உள்நாட்டுப் போர் பற்றிய எழுத்துகளில் அந்த மகன் பெரும்பாலும் மூன்று கோலங்களில் வருகிறான்: போராளி, பலியானவன், காணாமல் ஆக்கப்பட்டவன். மூன்றும் அரசியல் அடையாளங்கள். அவற்றின் அவசியத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அவனிடம் இன்னும் இரண்டு முகங்கள் தெரியும். அவன் வயலின் வேலைக்கை. காணிப் பத்திரத்தில் தகப்பனுக்கு அடுத்ததாக எழுதப்படும் பெயர்.

இந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்த்தால், மகனின் இழப்பு ஒரு திகதியில் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. உயிரோடு இருக்கும்போதே குடும்பம் அவனை உழைப்பாக இழந்துவிட்டது. அவன் இல்லாமற்போனபின் வாரிசாக மறுபடியும் இழந்தது. இரண்டாவது இழப்பில் துவக்குக்குப் பங்கில்லை; பிரித்தானியர் காலத்துச் சட்டமொன்றுக்கும் கச்சேரிக் கோப்புகளுக்கும் பங்குண்டு. இதுவே இங்கு முன்வைக்கும் வாதம்.

தலை எண்ணும் கணக்கு

போரின் இறுதிக்கட்ட இழப்புப் பற்றிய விவாதம் எண்களிலேயே நின்றுவிட்டது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. ஐ.நா.வின் சொந்தச் செயற்பாடுகளை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டின் உள்ளக அறிக்கை, கணக்கில் வராதவர்கள் 70,000க்கு மேல் என்ற மதிப்பீட்டையும் சுட்டியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கு வேறு வகையானது. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரச அதிபர் பணிமனைகள் பதிந்த மக்கள்தொகை 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே என்று அவர் கேட்டார்.

அவர் இறந்தோரின் தொகை என்று எதையும் சொல்லவில்லை. அரசின் பதிவேட்டைக் கொண்டே அரசைக் கேட்ட கழித்தல் கணக்கு அது. பிறகு வந்தவர்கள் அதைக் கொலைக் கணக்காகவே எடுத்தாண்டார்கள். எதிர்த்தவர்களும் அப்படியே எடுத்து மறுத்தார்கள். பதிவேட்டில் பெயர் உண்டு, ஆளைக் காணோம் என்ற நிலையே ஒரு தனி வகை இழப்பு என்பது இருதரப்புச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. ஆயரின் கேள்வியை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால், அது காணிப் பத்திரத்தின் கேள்வியாகிறது.

மகன்மாருக்காக உண்டான மண்

வன்னியின் கமம் பழமையானது; இன்றைய வன்னிக் கமக் குடும்பங்களிற் பல அவ்வளவு பழையவை அல்ல. யாழ்ப்பாணத்தில் காணி பரப்புக் கணக்கில் துண்டுபட்டுக்கொண்டிருந்தது. தேசவழமைப்படி பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாக நிலம் போனபின் ஆண்பிள்ளைகளுக்கு மிஞ்சியது சொற்பம். உத்தியோகம் கிடைத்தவன் கொழும்புக்குப் போனான். கிடைக்காதவனின் பார்வை பரந்தனுக்குத் தெற்கே திரும்பியது. இரணைமடுக் குளத்தின் கீழ் குடியேற்றங்கள் விரிந்தன. 1960களிலும் 70களிலும் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடு அந்த வாலிபர்களைக் கையில் காசு புழங்கும் கமக்காரர் ஆக்கியது. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அந்தக் காசில் கைவைத்தது. அதே ஆண்டின் இனவன்முறைக்குத் தப்பி வந்த மலையகத் தமிழர் குடும்பங்கள் தர்மபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டின. அவர்களிற் பலர் பத்திரமற்ற காணியில் குடிசை போட்டு, பத்திரம் உள்ளவரின் வயலில் கூலிக்கு நின்றனர். இந்த ஏற்றத்தாழ்வை வன்னி பற்றிய வீரகாவிய எழுத்துகள் பேசுவதில்லை. போர் எல்லோரையும் ஒரே தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் தள்ளும்வரை அது அப்படியே இருந்தது.

வன்னியின் புதிய கமம் மகன்மாருக்கு நிலம் போதாமையிலிருந்து பிறந்தது. காட்டை வெளியாக்க, வரம்பு கட்ட, வாய்க்கால் இழுக்க அவர்களின் உடல்வலுவே முதல்.

அந்த வலு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இரவு வேலையில்தான் தெளிவாகக் காணலாம். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்து வரும். வாய்க்காலின் கடைசிக் காணிக்காரனுக்கு முறை நள்ளிரவிலும் விழும். அந்நேரம் மண்வெட்டியோடு போய், மேற்காணிக்காரன் அடைக்காமல் விட்ட வாயை அடைத்து, தன் வாயைத் திறந்து, தண்ணீர் மூலைப்பாத்திவரை ஏறும்வரை நிற்கவேண்டும். கதிர் பால்பிடிக்கும் காலத்தில் பன்றிக் காவல். காட்டோரம் என்றால் யானைக் காவலும். காவல் கொட்டிலில் நெருப்பு மூட்டி, தகரம் தட்டி, விடியும்வரை கண் அயராமல் இருக்கவேண்டும். பகல் வேலைக்குக் கூலிக்கு ஆள் பிடிக்கலாம். இரவு வேலைக்குச் சொந்த மகன்தான். இரண்டு மகன்மார் இருந்தால் ஒருவன் காவலுக்கு, மற்றவன் தண்ணீருக்கு. ஒருவன் போனால் கமம் பாதியாகும் என்பது கணக்கு. நடைமுறையில் பாதிக்கு மேலேயே போய்விடும். மிஞ்சியவன் எந்த இரவும் தூங்கமாட்டான், அல்லது தகப்பன் தூங்கமாட்டான்.

உழைப்பாக இழந்த காலம்

1990 தொடங்கி 2002 போர்நிறுத்தம்வரை புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. வெடிமருந்தாகக்கூடும் என்று யூரியா நிறுத்தப்பட்டது, எரிபொருளும் அப்படியே. உழவு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. இயந்திரமும் உரமும் குறைந்த இடத்தை மனித உழைப்பே நிரப்பவேண்டியிருந்தது. மகனின் தேவை மிகக் கூடிய ஆண்டுகளும் இயக்கத்துக்கு ஆள் தேவை கூடிய ஆண்டுகளும் ஒன்றாக வந்தன. 1995 ஒக்டோபர் 30இல் தொடங்கிய வலிகாம இடப்பெயர்வு பெருந்தொகை மக்களை வன்னிக்குள் கொண்டுவந்தபோது கூலியாள் தட்டுப்பாடு சற்றுத் தணிந்திருக்கும். 1996இல் கிளிநொச்சியும் இடம்பெயர்ந்ததோடு அந்த ஆறுதலும் போயிற்று.

பின்னாளில், 2006க்குப் பிறகு, வீட்டுக்கு ஒருவர் இயக்கத்தில் சேரவேண்டும் என்ற கட்டாயம் இறுகியது. அதை நியாயப்படுத்தியவர்கள் சுமையைச் சமமாகப் பகிர்வதாகச் சொன்னார்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பும் பிறகு ஐ.நா. நிபுணர் குழுவும் பதிந்த எதிர்ச்சாட்சி வலுவானது: இறுதிக் காலத்தில் ஒருவரோடு நிற்கவில்லை, வயதெல்லை கீழிறங்கியது, மறுத்தவர்களும் ஒளித்தவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். இந்தக் கண்டனம் சரியே. நான் சேர்க்க விரும்புவது வேறொன்று. வீட்டுக்கு ஒருவர் என்பதன் சமத்துவத்தையே கமக் குடும்பத்தின் அளவுகோலால் பார்க்கவேண்டும். சம்பளக்காரன் வீட்டில் ஒரு பிள்ளை போனால் சாப்பாட்டில் ஒரு கோப்பை மிச்சம். கமக்காரன் வீட்டில் போனால் ஒரு போகம் போயிற்று. மூன்று மகன்மார் உள்ள நிலமுள்ள வீடும், ஒரு மகனும் கூலிப்பிழைப்புமான வீடும் அந்தக் கட்டாயத்தின் முன் ஒரே எண்ணாக நின்றன.

பிடிபடாதவனையும் குடும்பம் இழந்தது. திருமணமானவருக்கு விலக்கு உண்டு என்ற நம்பிக்கையில் அவசரக் கலியாணங்கள் நடந்தன. பதினாறு, பதினேழில் தாலி ஏறியது. புது வீடு என்றால் நிலத்தில் இன்னொரு பங்கு, அடுப்பில் இன்னொரு உலை. காட்டுக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் ஒளித்து வைத்த பையன்கள் இருந்தார்கள். அவர்கள் உயிரோடு இருந்தார்கள், ஆனால் வயலில் இறங்க முடியாது. வெளிச்சத்தில் வரம்பில் நிற்கும் இளைஞன் எல்லாத் தரப்பின் கண்ணிலும் படுவான். காசு தேடக்கூடியவர்கள் நகையை, சில வேளை உழவு இயந்திரத்தையே விற்று மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மகன் பிழைத்தான், கமம் பிழைக்கவில்லை. இழப்புக் கணக்குகள் எதிலும் இவ்வகை மகன்மார் இல்லை.

இடையே மன்னார், முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து முஸ்லிம் கமக்காரரைச் சொல்லாமல் போவது சரியில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்கள் மகனை வைத்திருந்து காணியை இழந்தார்கள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த அடுத்த தலைமுறையில் பலர் கமத்தொழிலே கற்கவில்லை.

போரின் இறுதிக்கட்டத்துக்கு வருவோம். 2008 இறுதியில் மன்னார் நெல்வயல்களின் மக்கள் ஏற்கெனவே கிழக்கே நகர்ந்திருந்தார்கள். காலபோகம் ஒக்டோபர், நவம்பரில் விதைத்து, தை மாசியில் அறுப்பது. அந்த நவம்பரில் நிஷா புயலின் வெள்ளம். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது, 25இல் முல்லைத்தீவு நகரம். இராணுவ வரலாற்றில் இவை வெற்றியின் திகதிகள். கமக்காரன் நாட்காட்டியில் அருவிவெட்டுக்குச் சற்று முந்திய நாட்கள்.

மறுபக்கத்து வயல்கள்

வறண்ட வலயத்தின் சிங்களக் கமக் குடும்பங்களை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. இராணுவம் கிராமத்து மகன்மாரால் ஆனது. பொருளாதார ஆய்வாளர் ராஜேஷ் வேணுகோபால் 2011இல் வெளியான கட்டுரையொன்றில் முன்வைத்த வாதம் இங்கு முக்கியம்: தாராளமயமாக்கத்தால் விவசாயமும் அரச வேலைவாய்ப்பும் நலிந்த காலத்தில், போர்க்காலப் படைச்சேர்ப்பு சிங்களக் கிராமப்புற இளைஞருக்கான மிகப்பெரிய வேலைத்திட்டமாக ஆயிற்று. தெற்கில் சந்தைச் சீர்திருத்தத்தின் வலியை இராணுவச் சம்பளம் தாங்கிக்கொண்டது. அதே தெற்கில் 1971லும் 1987-89லும் கிளர்ச்சியிலும் அதை ஒடுக்கியதிலும் மகன்மாரைத் தொலைத்த கிராமங்களே பிறகு படைக்கு ஆள் கொடுத்தன.

ஒரு பக்கம் கட்டாயம், மறுபக்கம் சம்பளம்: இந்த வேறுபாட்டைக் கரைத்துவிடக் கூடாது. சம்பளம் வீட்டுக்கு வந்தது, ஓடு போட்டது, தங்கையின் கலியாணத்தை நடத்தியது. வன்னியில் போன மகனால் கமத்துக்கு ஒரு சதம் வரவில்லை; மாவீரர் குடும்பம் என்ற மதிப்பும் அது சார்ந்த சலுகைகளும் இயக்கத்தோடு முடிந்துபோயின. ஆனால் வயலில் வேலைக்கை குறைந்தது இரண்டு பக்கமும் ஒன்றுதான். படையைவிட்டுத் தப்பியோடியவர்களின் தொகை பல்லாயிரம். திரும்பி வரச்சொல்லி அரசு திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவித்தது. சம்பளத்தைச் சுயவிருப்பம் என்று மட்டும் வாசிப்பவர்கள் இந்தப் பொதுமன்னிப்புகளையும் வாசிக்கவேண்டும்.

பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர' படத்தில், வறட்சி வாட்டும் கிராமத்துப் பார்வையற்ற முதியவர் வன்னிஹாமிக்கு மகனின் உடல் என்று சொல்லி முத்திரையிட்ட பெட்டி ஒன்று வருகிறது. மகன் இறந்துவிட்டான் என்று அவர் நம்ப மறுக்கிறார். இழப்பீட்டுப் படிவத்தில் ஒப்பமிட மறுக்கிறார். பாதியில் நிற்கும் வீட்டை முடிக்க அந்தக் காசு வேண்டும், குடும்பமும் ஊரும் நெருக்குகின்றன. கடைசியில் அவர் குழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் உடல் இல்லை. 2000இல் அரசு இப்படத்தின் திரையிடலை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றம் திரையிட வழிவிட்டது. இதைப் போர் எதிர்ப்புப் படமாகவே எல்லோரும் பேசினார்கள். எனக்கு அது ஒப்பம் பற்றிய படம். ஏழைக் கிராமத்தான் ஒருவன் தனக்கு மிகத் தேவையான காசை ஏன் மறுக்கிறான் என்ற கேள்வியே வன்னிக்கும் வருகிறது.

பத்திரத்தில் ஒரு பெயர்

வன்னிக் குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் அரச காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் அனுமதிப்பத்திரம், பிறகு நிபந்தனை நிறைவேறினால் அளிப்புப் பத்திரம். கமக்காரனைக் கடன்காரனிடமிருந்தும் துண்டாடலிலிருந்தும் காப்பதே சட்டத்தின் நோக்கம் என்றார்கள். விற்க முடியாது, நினைத்தபடி ஈடு வைக்க முடியாது, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பிரிக்க முடியாது. உரிமை ஒருவரிடம் இருந்து ஒருவருக்குப் போகவேண்டும். அந்த ஒருவர் பின்னுரித்தாளர்.

தகப்பன் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிந்திருந்தால் அவர். இல்லாவிட்டால் 2022வரை சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிசை சொன்னது: முதலில் மகன்மார், பிறகே மகள்மார்; ஒரு வகுப்புக்குள் மூத்தவர் முதலில். நியமனம் பெறாத விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை உண்டு. மறுமணம் செய்தால் அதுவும் போகும். சீதனத்தில் பெண்ணுக்கு நிலம் கொடுத்துப் பழகிய தேசவழமைச் சமூகம், வன்னிக் குளங்களின் கீழ் வந்ததும் மூத்த ஆண்பிள்ளையின் சட்டத்துக்குள் அகப்பட்டது. பெரும்பாலான குடும்பங்கள் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. பத்திரத்தில் மூத்தவன் பெயர், உழுவது எல்லோரும்; மகளுக்கு மேட்டுக்காணியில் வாயால் ஒரு பங்கு. மூத்தவன் இருக்கும்வரை ஒழுங்கு ஓடும்.

சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. காணிக்காரர் இறந்து ஆறு மாதத்துக்குள் பின்னுரித்தாளர் காணியை உடைமையாக ஏற்காவிட்டால், அவர் பின்னுரிமையில் தவறியவர் எனக் கொள்ளப்படுவார். சோம்பேறி மகனையும் ஊரைவிட்டுப் போனவனையும் மனதில் வைத்து எழுதிய விதி இது. 2009இல் தகப்பன் ஷெல் வீச்சில் இறந்து, மூத்தவன் காணாமற்போன வீட்டில் இதைப் பொருத்திப் பாருங்கள். இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. காணிக்குள் கால் வைக்கவே அனுமதி இல்லாத காலத்தில் ஆறு மாதம் பல தடவை கடந்துபோயிற்று. உயிரோடு இருக்கிறானா என்று யாருக்கும் தெரியாத ஒருவனைச் சட்டம் காணியை வேண்டாம் என்றவனின் இடத்தில் வைக்கிறது. நடைமுறையில் அதிகாரிகள் இவ்வளவு கறாராக நடந்தார்கள் என்பதில்லை. எரிந்த கோப்புகள், தொலைந்த பத்திரங்கள், ஒரே காணிக்கு இரண்டு உரிமையாளர்கள் என்ற குழப்பத்தைத் தீர்க்கவே வடக்கு, கிழக்குக்கெனத் தனியாக 2013/01 இலக்கக் காணிச் சுற்றறிக்கை வந்தது. ஆனால் அதிகாரியின் இரக்கம் உரிமையாகாது. கையில் தெளிவான பத்திரம் இல்லாதவர் ஒவ்வொரு அலுவலிலும் கிராம அலுவலரின் கடிதத்தை நம்பி நிற்கவேண்டியிருந்தது.

இங்கே விதவை, தாய், தங்கை என்று பெண்கள் கமக்காரர் ஆனார்கள். ஆய்வுகளும் உதவி நிறுவனங்களும் இவர்களைப் பெண் தலைமைக் குடும்பங்கள் என்ற தலைப்பில் அடக்கி, கோழியும் தையல் இயந்திரமும் கொடுத்தன. காணி கேட்டவருக்குக் கோழி கிடைத்தது என்று ஊரில் பகிடியாகச் சொல்வதில் பிழையில்லை. இரவுத் தண்ணீர் முறைக்கும் காவலுக்கும் ஆளில்லாதவர் வயலைக் குத்தகைக்கு விட்டார், அல்லது உழவுக்கும் அறுவடைக்கும் இயந்திரத்துக்கு வாடகை கட்டக் கடன்பட்டார். நுண்கடன் கம்பனிகளின் வாராந்தத் தவணை இந்த இடைவெளிக்குள்தான் புகுந்தது. 2018இல் அரசு வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது, நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்குப் போதிய சாட்சி. கடன் பற்றிய விவாதம் வட்டிவீதத்தைப் பேசியது. வீட்டில் இல்லாத வேலைக்கையைப் பேசவில்லை.

திரும்பி வந்த மகன்மாரும் உண்டு. புனர்வாழ்வு முகாம்களிலிருந்து முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர் வெளியே வந்தார்கள். சிலருக்குக் கையில்லை, சிலருக்கு உடம்பில் இன்னும் ஷெல் துண்டு. குனிந்து நாற்று நட முடியாது. விசாரணைக்கு வரச்சொல்லும் அழைப்பு எப்போது வரும் என்று தெரியாதவனை நம்பிப் போகத்துக்கு முற்பணம் கொடுக்க முதலாளி யோசிப்பான்.

ஒப்பமிட மறுப்பது

காணாமற்போனவரின் சட்டநிலைக்கு அரசு இரண்டு கடதாசிகளைக் கொடுத்தது. 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் காணாதவருக்கு மரணச் சான்றிதழ். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மரணம் என்று சொல்லாமலே சொத்தைப் பராமரிக்கவும் உதவி பெறவும் வழிசெய்யும் காணக்கிடையாமைச் சான்றிதழ். இரண்டாவது முதலாவதைவிட மனிதத்தன்மை உள்ளது என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டு சட்டமாகிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது.

இருந்தும் பலர் இரண்டையும் வாங்கவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தெருவோரம் தொடங்கிய உறவினர்களின் தொடர் போராட்டம், சான்றிதழும் இழப்பீடும் வேண்டாம், பதில் வேண்டும் என்றது. இதைக் கொழும்பின் நிர்வாக மொழி நம்பிக்கையின் பிடிவாதமாகப் பார்த்தது. புலம்பெயர் மேடைகள் அரசியல் உறுதியாகப் பாடின. காணியின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டுமே குறை. போராட்டப் பந்தலில் இருந்த தாய்மாரிற் பலர் கமக் குடும்பத்தவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் பின்னுரிமை அடுத்தவனுக்கு நகரும், பத்திரம் சீராகும், வங்கிக் கடன் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பிரதேச செயலகத்தில் இதைச் சொல்லித்தான் படிவத்தை நீட்டுவார்கள். ஒப்பமிட்டால் காணி பிழைக்கும், ஆனால் மகன் எப்படிப் போனான் என்று கேட்கும் வழக்கு முடியும் என்று அவர்கள் கணித்தார்கள். படையினரின் கையில் ஒப்படைத்தோம், பேருந்தில் ஏற்றினார்கள் என்று சாட்சி சொல்லும் தாய், தானே அவனை இறந்தவன் என்று எழுதிக்கொடுத்தபின் அந்தச் சாட்சியத்தின் கதி என்ன? நட்டத்தை எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு இது.

வன்னிஹாமியும் இதே இடத்தில்தான் நின்றார். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் பதிந்த 16,000க்கும் மேற்பட்ட காணாமற்போனோரில் 5,000க்கு மேல் படையினரும் பொலிஸாரும் இருக்கிறார்கள். அவர்களின் வீடுகளிலும் இதே கேள்வி உண்டு; சம்பளம் என்ற ஒரு கைத்தாங்கல் இருப்பதால் அது தெருவுக்கு வரவில்லை என்பதே என் கணிப்பு.

2022இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு, பின்னுரிமையில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமை நீக்கப்பட்டது. பெண்ணியச் செயற்பாட்டாளர்கள் பல ஆண்டுகள் கேட்டது இது. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே நடந்தது. அதற்குள் வன்னியில் எத்தனையோ காணிகளில், அட்டவணை கைவிட்ட தங்கையும் தாயும் பத்துப் பன்னிரண்டு காலபோகம் விதைத்து அறுத்திருந்தார்கள். கமநல சேவை நிலையத்தில் உர மானியத்துக்கு வரிசையில் நின்றவர்களும் அவர்களே. மகன் பெயரை வெட்டாமல் மகளின் பெயரை எழுத ஒரு வழி சட்டத்தில் இருந்திருந்தால், அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் பேனாவை எடுத்திருப்பார்கள் என்பதைக் காணிச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் யாரும் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.